வால் இல்லாமல் பறந்தவர்: அப்பாஸ் இப்னு பிர்னாஸும் நமது கரையோரக் காற்றும்

முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரு படம் சுற்றி வரும். தலைப்பாகை கட்டிய ஒரு மனிதர் பெரிய இறக்கைகளுடன் பள்ளிவாசல் மினாரா ஒன்றின் உச்சியிலிருந்து பாய்கிறார். ரைட் சகோதரர்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விமானத்தைக் கண்டுபிடித்த முஸ்லிம் விஞ்ஞானி என்று கீழே எழுதியிருக்கும். பத்து நிமிடங்கள் பறந்தார் என்று சிலர் சேர்ப்பார்கள். மாஷா அல்லாஹ் என்று பதில்கள் குவியும். அடுத்த நாள் வேறொரு படம் வந்துவிடும்.

அந்த மனிதரின் பெயர் அப்பாஸ் இப்னு பிர்னாஸ். நான் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். மாணவர்கள் இந்தப் படத்தைப் பற்றி, இது உண்மையா சேர் என்று கேட்பதுண்டு. அவர் வாழ்ந்தது உண்மை. பறக்க முயன்றதும் உண்மை. ஆனால் படத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் பிற்காலத்தவர் ஒட்டியவை. ஒட்டியவற்றை உரித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுகிற மனிதர் நமக்கு அதிகம் பயன்படுவார் என்பது என் எண்ணம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

ரொந்தாவிலிருந்து குர்துபாவுக்கு

இப்னு பிர்னாஸ் பிறந்தது கி.பி. 810 ஆம் ஆண்டளவில். இன்றைய ஸ்பெய்னின் தெற்கே, ஆழமான மலைப்பிளவின் இரு பக்கமும் அமைந்த ரொந்தா நகரின் பகுதி அவரது சொந்த மண். குடும்பம் பர்பர் வழியைச் சேர்ந்தது. வாழ்வின் பெரும்பகுதி குர்துபாவில் கழிந்தது. முதலாம் ஹகம், இரண்டாம் அப்துர் ரஹ்மான், முதலாம் முஹம்மத் என்று அந்தலூஸின் மூன்று உமையா அமீர்களின் காலத்தை அவர் கண்டார். கி.பி. 887 இல், ஹிஜ்ரி 274 இல், ஏறத்தாழ 77 வயதில் மறைந்தார்.

அரசவையில் அவருக்குக் கிடைத்த முதல் அடையாளம் கவிஞர் என்பதுதான். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர் பஸராவின் கலீல் இப்னு அஹ்மத். அவரது யாப்பு நூல் ஒன்று கிழக்கிலிருந்து குர்துபாவுக்கு வந்தபோது அங்கே யாருக்கும் அது விளங்கவில்லை. இப்னு பிர்னாஸ் தனியே அமர்ந்து படித்து அதன் கணக்கைப் பிடித்தார், பிறகு மற்றவர்களுக்கு விளக்கினார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. யாப்பு என்பது அசைகளை எண்ணும் கணக்குத்தானே. பின்னாளில் அவர் செய்த கருவிகளுக்குப் பின்னாலும் அதே மூளைதான் வேலை செய்தது.

கல்லிலிருந்து கண்ணாடி செய்யும் முறையை அந்தலூஸில் முதலில் கண்டவர் அவரே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். நமது மாவட்டத்தின் தெற்கே நாத்தாண்டியாப் பக்கம் அள்ளப்படும் வெள்ளைச் சிலிக்கா மணலை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதி புரியும். காலடியில் கிடக்கும் மணலையும் கல்லையும் ஒளி ஊடுருவும் பொருளாக மாற்றுவது சிறிய காரியமல்ல. கோள்களின் இயக்கத்தைக் காட்டும் வளையக் கருவி ஒன்றைச் செய்தார். சூரியனும் நட்சத்திரமும் தெரியாத வேளையிலும் தொழுகை நேரத்தை அறிய உதவும் நீர்க்கடிகாரம் ஒன்றைச் செய்து அமீர் முஹம்மதிடம் கொடுத்தார். தனது வீட்டின் அறை ஒன்றில் நட்சத்திரங்கள், மேகம், மின்னல், இடி எல்லாம் தோன்றும்படி ஒரு செயற்கை வானத்தை அமைத்தார். பார்க்க வந்தவர்கள் திகைத்தார்கள்.

எல்லோரும் பாராட்டிவிடவில்லை. இவர் சூனியம் செய்கிறார், மார்க்கத்தை விட்டு விலகிவிட்டார் என்று குற்றம் சாட்டியவர்களும் இருந்தார்கள். விவகாரம் குர்துபாவின் காழி வரை போனது. விசாரித்த காழி அவர் மீது குற்றமில்லை என்று விடுவித்தார். கருவி செய்தவரைச் சந்தேகித்தவர்களும் அதே சமூகத்தார். சாட்சிகளைக் கேட்டு நீதி வழங்கியவரும் அதே சமூகத்தின் நீதிபதி. படங்களில் இந்தப் பகுதி வருவதேயில்லை.

பறந்த நாள்

875 ஆம் ஆண்டளவில் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அப்போது அவருக்கு 65 வயது இருக்கும். நமது ஊர்களில் ஓய்வூதியம் பெற்றுத் திண்ணையில் அமரும் வயது. இப்னு பிர்னாஸ் உடல் முழுவதும் இறகுகளைப் பொருத்தினார், இரண்டு இறக்கைகளைக் கட்டிக்கொண்டார், உயரமான ஓரிடத்திலிருந்து காற்றில் பாய்ந்தார். பறவை போலக் கணிசமான தூரம் சென்றார். ஆனால் இறங்கும்போது பலமாக விழுந்து முதுகில் அடிபட்டது. பறவை இறங்கும்போது வாலைப் பயன்படுத்துகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை, தனக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை என்பதே காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவுதான் பதிவு. எத்தனை நிமிடம் என்று அதில் கிடையாது. படங்களில் காட்டப்படும் குர்துபாவின் பெரிய மினாரா அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கும் பின்னர், மூன்றாம் அப்துர் ரஹ்மான் காலத்தில் எழுந்தது. 852 இல் அர்மன் பிர்மன் என்ற இன்னொருவர் மேலங்கியை விரித்துக் குதித்தார், அதைப் பார்த்துத்தான் இப்னு பிர்னாஸ் முயன்றார் என்றும் ஒரு கதை உண்டு. அரபுப் பதிவுகளில் அப்படி ஒருவர் இல்லை. இப்னு பிர்னாஸின் பெயரே மொழி மாறி இன்னொரு மனிதராகிவிட்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

அறிவிப்பாளர் தொடர்

நமது உலமாக்கள் ஒரு செய்தி வந்தால் முதலில் கேட்பது, யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்பதைத்தான். ஹதீஸ் கலையின் முதுகெலும்பே ஸனத் எனப்படும் அறிவிப்பாளர் தொடர். மத்ரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இது தெரியும். அதே பிள்ளை வட்ஸ்அப்பில் வந்ததை ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிடுகிறது. இப்னு பிர்னாஸின் பறப்பை அந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

இன்று அதிகம் எடுத்துக்காட்டப்படும் விவரம் தில்ம்ஸானைச் சேர்ந்த அல்மக்கரி எழுதியது. அவர் மறைந்தது 1632 இல். சம்பவத்துக்கும் அவருக்கும் இடையே 750 ஆண்டு இடைவெளி. இது மட்டும் இருந்தால் தொடர் பலவீனமானது என்று ஒதுக்கலாம். ஆனால் அவருக்கு மிக முந்தியவர், 11 ஆம் நூற்றாண்டின் குர்துபா வரலாற்றாசிரியர் இப்னு ஹய்யான். அவரும் இப்னு பிர்னாஸைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கும் முந்திய சாட்சி ஒன்று, அதே காலத்தில் வாழ்ந்து அதே அரசவையில் இருந்த ஒருவருடையது.

அவர் பெயர் முஃமின் இப்னு ஸஈத். கவிஞர். இப்னு பிர்னாஸுக்கு ஆகாதவர். கழுகின் இறகைப் போர்த்திக்கொண்டு பறக்கப் போனார் என்று பொருள்படக் கிண்டல் செய்து பாட்டு எழுதினார். நண்பன் எழுதிய புகழ்ச்சி என்றால் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிடலாம். பிடிக்காதவர் சிரித்துக்கொண்டே எழுதியதால் அது வலுவான சாட்சியாகிவிட்டது. நடக்காத ஒன்றைக் கேலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. ஊரார் முன்னிலையில் அவரை அவமானப்படுத்த எழுதப்பட்ட வரிகளே 1100 ஆண்டுகளுக்குப் பின் அவருக்காகப் பேசுகின்றன.

ஆகவே பறந்தார், விழுந்தார், கேலிக்கு ஆளானார் என்ற மூன்றும் நிற்கின்றன. பத்து நிமிடமும் மினாராவும் விமானம் கண்டுபிடித்தார் என்பதும் விழுகின்றன.

வால் என்ன செய்கிறது

நமது பிள்ளைகளுக்கு வாலைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஈர்க்கையும் சொப்பிங் பேக்கையும் வைத்துப் பட்டம் கட்டும் எட்டு வயதுப் பையனுக்கே தெரியும், வால் அறுந்தால் பட்டம் சுழன்று தலைகுப்புற விழும் என்று. பின்பக்கம் இழுக்கும் அந்தத் துணிக்கீற்று பட்டத்தை நிலையாகப் பிடித்து வைக்கிறது.

பறவைக்கு வால் இன்னும் கூடுதலான வேலை செய்கிறது. களப்பில் இறங்கும் கொக்கைக் கவனியுங்கள். தரையை நெருங்கியதும் உடலை நிமிர்த்தும், வாலை விசிறி போல விரித்துக் கீழே வளைக்கும், இறக்கைகளைக் காற்றுக்கு எதிராகத் தூக்கும். வேகம் செத்துவிடும். கால்கள் மெதுவாக நீரைத் தொடும். மேலே பறப்பதற்கு வேகம் வேண்டும், இறங்குவதற்கு அந்த வேகத்தைக் கொல்லத் தெரிய வேண்டும். இப்னு பிர்னாஸ் முதலாவதைச் சாதித்தார். இரண்டாவதற்கு அவரிடம் கருவி இருக்கவில்லை. அல்முல்க் அத்தியாயத்தில் இறக்கைகளை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்குமாறு குர்ஆன் சொல்கிறது. அவர் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது.

இதில் எனக்கு மிகவும் வருத்தமான இடம் அதற்குப் பிறகு வருவது. அவர் மேலும் 12 ஆண்டுகள் வாழ்ந்தார். வால் வைத்து மீண்டும் முயன்றதாக ஒரு பதிவும் கிடையாது. இறக்கையின் நீளம் என்ன, எந்த இறகு, எந்தக் காற்றில் பாய்ந்தார் என்று அவர் எழுதிய குறிப்பு எதுவும் நம்மிடம் வரவில்லை. கற்றுக்கொண்டதை வாங்கிக்கொள்ள ஒரு மாணவர் இருக்கவில்லை.

விளைவைப் பாருங்கள். ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, ஈரானின் நைஸாபூரில் ஒருவர் மரத்தால் ஆன இறக்கைகளைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதித்து உயிரை விட்டார். அரபு படித்தவர்கள் அறிந்த ஸிஹாஹ் அகராதியைத் தொகுத்த அல்ஜவ்ஹரிதான் அவர். அதே காலப்பகுதியில் இங்கிலாந்தின் மாம்ஸ்பரி மடத்தில் எயில்மர் என்ற துறவி கோபுரத்திலிருந்து பறந்து சுமார் 200 மீற்றர் சென்று இரண்டு கால்களையும் முறித்துக்கொண்டார். வால் வைக்காததுதான் தவறு என்று அவரும் சொன்னார். குர்துபாவில் ஒரு முதுகைக் கொடுத்து வாங்கிய பாடத்தை இரண்டு கால்களைக் கொடுத்து மறுபடி வாங்க வேண்டி வந்தது. அறிவுக்கும் ஸனத் வேண்டும். தொடர் அறுந்தால் ஒவ்வொருவரும் முதலிலிருந்து விழ வேண்டியதுதான்.

எழுதி வைத்தவர்கள்

தொடர் எப்போது கட்டப்பட்டது? ஜேர்மனியின் ஒட்டோ லிலியந்தால் தனது சகோதரருடன் பல ஆண்டுகள் பறவை இறக்கைகளை அளந்து 1889 இல் நூலாக வெளியிட்டார். 1891 முதல் மரச் சட்டங்களில் பருத்தித் துணி போர்த்திய இறக்கைகளோடு குன்றுகளிலிருந்து பறந்தார். அவரது கருவிகளுக்கு வால் இருந்தது. உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிச் சமநிலை பிடித்தார். சுமார் 2000 தடவை பறந்தார், சிலவேளை 250 மீற்றர் வரை சென்றார். 1896 ஆகஸ்ட் 9 இல் விழுந்து மறுநாள் மறைந்தார்.

அவரும் விழுந்தார்தான். வித்தியாசம், அவரது அளவுகள் அச்சில் இருந்தன. அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் அவற்றை எடுத்துக்கொண்டு, நம்முடையதைப் போன்ற மணலும் காற்றும் நிறைந்த கடற்கரை ஒன்றில் 1900 இல் வேலையைத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த தூக்குவிசை கிடைக்காதபோது 1901 இல் சிறிய காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தாமே செய்து புதிதாக அளந்தார்கள். 1902 இல் வாலைத் திருப்பக்கூடியதாக ஆக்கினார்கள். 1903 டிசம்பர் 17 இல் இயந்திரத்துடன் 12 விநாடி பறந்தார்கள்.

இயந்திரம் வந்த பிறகும் இப்னு பிர்னாஸின் வழி, அதாவது மனிதன் தன் உடலை ஓர் இறக்கையில் தொங்கவிட்டுக் காற்றை மட்டும் நம்பிப் பறப்பது, அழிந்துவிடவில்லை. 1948 இல் பிரான்சிஸ் ரொகல்லோ என்ற அமெரிக்கப் பொறியியலாளரும் மனைவியும் வீட்டுத் திரைத்துணியை வெட்டி, சட்டமில்லாமல் காற்றிலேயே வடிவம் பெறும் பட்டம் ஒன்றைச் செய்தார்கள். விண்கலங்களைத் தரையிறக்க உதவுமா என்று நாஸா அதைச் சில ஆண்டுகள் சோதித்தது. 1963 இல் அவுஸ்திரேலியாவின் கிராப்டன் ஊரில் ஜோன் டிக்கின்சன் அந்த வடிவத்தில் மரச் சட்டமும் வாழைக்குலைகளை மூடும் பிளாஸ்டிக்கும் வைத்து ஓர் இறக்கை கட்டினார். அதன் கீழே முக்கோணச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார். தொங்கும் மனிதர் அந்தச் சட்டத்தைத் தள்ளியும் இழுத்தும் தன் பாரத்தை நகர்த்தித் திசை திருப்பலாம். இன்றைய ஹேங் கிளைடர் அந்தச் சட்டத்திலிருந்துதான் வளர்ந்தது.

1970களில் அலுமினியக் குழாயும் பொலியெஸ்டர் துணியும் வந்தன. அந்தக் காலத்து இறக்கை ஒரு மீற்றர் கீழிறங்கும் நேரத்தில் நான்கு மீற்றர் முன்னே போகும். பலர் உயிரிழந்ததும் அந்தக் காலத்தில்தான். மூக்கு அதிகம் கீழே சாய்ந்தால் துணி படபடத்துத் தூக்குவிசை போய்விடும், திரும்ப நிமிராமல் நேராகத் தரைக்குப் போகும். ஒவ்வொரு விபத்தையும் எழுதினார்கள், ஆராய்ந்தார்கள். துணியின் பின்விளிம்பை மேலே இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைக் கட்டினார்கள், இறக்கை நுனிகள் குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே போகாதபடி தடுத்தார்கள். மூக்கு சாய்ந்தால் இவை தாமாகவே அதை நிமிர்த்தும். இப்போதைய ஹேங் கிளைடர்களில் பெரும்பாலானவற்றுக்கு வால் இல்லை. பின்னோக்கிச் சாய்ந்த அந்த நுனிகளே வாலின் வேலையைச் செய்கின்றன. தரையைத் தொடும் கணத்தில் சட்டத்தை முழுவதுமாக முன்னே தள்ளினால் மூக்கு மேலெழுந்து வேகம் செத்துக் கால்கள் தரையில் நிற்கும். கொக்கு செய்வதும் இதைத்தான்.

தலைக்கவசமும் அவசரப் பாராசூட்டும் பின்னர் சேர்ந்தன. இன்றைய நல்ல இறக்கை ஒரு மீற்றர் இறங்க 15 மீற்றர் முன்னே போகிறது. 2012 இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒருவர் 764 கிலோமீற்றர் பறந்தார். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரைக்கும் உள்ள தூரத்தை விட இது எவ்வளவோ அதிகம்.

கற்பிட்டிக் காற்று

நமது கரை தட்டையானது. ஹேங் கிளைடர் பாய்வதற்கு இங்கே குன்றில்லை. ஆனால் காற்றுக்குக் குறைவில்லை. மே முதல் ஒக்டோபர் வரை சோளகம் உரமாக வீசும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வாடை. கண்டக்குழி, கப்பலடிக் களப்புப் பக்கம் இந்தப் பருவங்களில் போனால் வானம் முழுக்க நிறநிறமான கைட்கள். பலகையில் நின்றுகொண்டு அதைப் பிடித்து நீரின் மேல் வழுக்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார்.

அந்தக் கைட்டும் இதே குடும்பம்தான். பிரான்சின் லெகைன்யூ சகோதரர்கள் 1984 இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் இருப்பதால் கடலில் விழுந்தாலும் மிதக்கும், மீண்டும் எழுப்பலாம். கையிலுள்ள தண்டு டிக்கின்சனின் சட்டம் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆபத்து வந்தால் ஒரு தட்டில் கைட்டின் இழுவையை அறுத்துவிடும் பூட்டும் உண்டு. விழுவது எப்படி என்பதை முன்கூட்டியே யோசித்துச் செய்த கருவி அது.

எனது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். காற்று மாறுவதை மணத்தால் சொல்லும் வாப்பாமார் அவர்களுக்கு இருக்கிறார்கள். 2010 முதல் மாம்புரியிலும் புத்தளம் களப்புக் கரையிலும் காற்றாலைகள் சுழல்வதை அந்தப் பிள்ளைகள் தினமும் காண்கிறார்கள். ஆனால் விஞ்ஞானப் பாடத்தில் விசை, அழுத்தம் என்று வந்தவுடன் அது பரீட்சைக்குப் பாடமாக்கும் வேறொரு உலகமாகிவிடுகிறது. வாசலில் வீசும் காற்றும் புத்தகத்தில் இருக்கும் காற்றும் ஒன்றுதான் என்று நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. கலாசாலையில் நாங்கள் பயிற்சி பெற்ற காலத்தில் விரிவுரையாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விடயம், பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள் என்பது. பட்டத்தை விடத் தெரிந்த பொருள் இந்தக் கரையில் வேறென்ன இருக்கிறது?

இப்னு பிர்னாஸுக்கு உலகம் மரியாதை செய்திருக்கிறது. சந்திரனின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். பக்தாதில் சிலை. குர்துபாவில் 2011 இல் திறந்த பாலத்துக்கும் அவர் பெயர்தான். நாம் செய்ய வேண்டிய மரியாதை வேறு. படத்தை அனுப்புவதற்கு முன் ஸனதைக் கேட்பது அதில் ஒன்று. மற்றையது பாடசாலைகளில் நடக்க வேண்டியது.

கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் சோளகக் காலத்தில் ஒரு நாளை ஒதுக்கட்டும். ஒரே அளவில் நான்கு பட்டங்கள். ஒன்றுக்கு வால் இல்லை. மற்ற மூன்றுக்கும் ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம் என்று வால். எது எவ்வளவு நேரம் நின்றது, எது எப்படி விழுந்தது என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அந்தக் கொப்பியைத் திறந்து, அது முடிந்த இடத்திலிருந்து தொடங்கட்டும். செலவு ஒரு கட்டு ஈர்க்கும் கொஞ்சம் நூலும்தான். குர்துபாவில் அறுந்த தொடரை இன்ஷா அல்லாஹ் நமது பிள்ளைகள் இங்கிருந்தும் முடியலாம்.